மந்திரப் பொருளுக்குப் பெயர் வைக்கும் முன்: அந்தப் பெயர் யார் வாயில் பிறந்தது?

கேள்வி இதுதான். குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டையும் விளவங்கோட்டுப் பக்கத்தையும் மனதில் வைத்து ஒருவர் தன் ஃபேன்டசி நாவலுக்குக் கற்பனை ராஜ்ஜியம் ஒன்றைக் கட்டியிருக்கிறார். மலை, ஏலா (வயல்வெளி), பனங்காடு, கடல் எல்லாம் உண்டு. மந்திரப் பொருட்கள் மட்டும் 30. 'மாயவாள்', 'அக்னிக்கத்தி', 'சக்தி மோதிரம்', 'காலச்சக்கரம்', 'ஸெல்தாரா' என்று பெயர்கள் போகின்றன. வாசித்தவர்கள் எது எது என்று குழம்புகிறார்கள். நல்ல பெயர் எப்படி வைப்பது?

'மாய', 'சக்தி', 'அக்னி', 'கால' ஆகிய நான்கும் செய்கிற வேலை ஒன்றே. "இது மந்திரப் பொருள், கவனியுங்கள்" என்று ஆசிரியர் வாசகரின் காதைக் கடிப்பது. அந்த உலகத்துக்குள் வாழ்கிறவருக்கு அந்தத் தேவை கிடையாது. தினமும் கையில் பிடிக்கிறவர் அதை அரிவாள் என்பார், கிண்டி (மூக்குவைத்த சிறு செம்பு) என்பார். அதைக் கண்டு பயப்படுகிறவர் வேறு ஏதோ சொல்வார். ஆகவே ஓசையைத் தேடுவதற்கு முன்னால், இந்தப் பெயர் முதலில் யார் வாயில் வந்தது என்று முடிவு செய்யுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு களையெடுப்பு. 30 பொருளுக்கும் தனிப்பெயர் வேண்டாம், ஏழெட்டு போதும். அதே ரகத்தில் இன்னொன்று கதையில் இருந்து, பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தால் தனிப்பெயர் வேண்டும். அதன்மேல் சத்தியம் பண்ணுகிறார்கள், அதற்காகப் பொய் சொல்கிறார்கள், அண்ணன் தம்பி பாகம் வைக்கிறார்கள் என்றால் வேண்டும். கதையில் இரண்டு தடவையாவது கைமாறினால் வேண்டும். மற்றவை பொதுப்பெயரிலேயே இருக்கட்டும்.

பொதுப்பெயர் என்றால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் நவராத்திரிக்கு பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று விக்கிரகங்களும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். அதற்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறும் சடங்கு நடக்கும். அந்த வாள் ஊர்வலத்தோடு போகும். சடங்கின் அச்சாணியே அதுதான். ஆனாலும் அதற்குப் பெயர் வெறும் 'உடைவாள்'. யார் எடுத்துக் கொடுக்கலாம், யார் வாங்கலாம், எங்கே வைத்து வாங்கலாம் என்ற முறைதான் அதற்கு அந்தப் பெருமையைக் கொடுக்கிறது. அதே சுசீந்திரம் கோயிலில் முற்காலத்தில் கொதிக்கும் நெய்யில் கையை விடச்சொல்லிக் குற்றம் நிர்ணயித்தார்கள். அதன் பெயர் 'கைமுக்கு'. 'தர்ம அக்னி பரீட்சை' என்று வைத்திருந்தால் யாருக்கும் நெஞ்சு பதறாது. கை, முக்கு, அவ்வளவுதான். கேட்டவுடன் நெய்யின் சூடு தெரிகிறது.

பெயரே இல்லாமல் நிற்பதும் உண்டு. பொதியில் மலை ஆய் வள்ளல், நீலநாகம் தந்த கலிங்கத்தை ஆலமர் செல்வனான சிவனுக்குக் கொடுத்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. ஒரு பாம்பு தந்த துணி, இதைவிட மந்திரப் பொருள் என்ன வேண்டும்? ஆனால் துணிக்குப் பெயரில்லை. யார் தந்தது, யாரிடம் போனது என்ற சங்கிலியே அடையாளம். உங்கள் 30-இல் நான்கைந்தை இப்படி விட்டுவிடலாம்.

இனி தனிப்பெயர் வேண்டிய பொருள். ஒன்றை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம்: பனையேறியின் பாளை அரிவாள். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், ஃபேன்டசி என்றாலே வாளைத் தூக்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருப்பது. குமரி மாவட்டத்து வீட்டிலும் வேலையிலும் பிச்சாத்தி (சிறு கத்தி), வெட்டோத்தி (வெட்டுக்கத்தி), பாளை அரிவாள், கடவம் (ஓலைப்பெட்டி), உருளி, கிண்டி, சருவம் முதலான பாத்திரங்கள் என்று பொருளுக்குப் பஞ்சமில்லை. சுடலைமாடன் கையில்கூட வாளைவிட வல்லயமும் (ஈட்டி) வீச்சரிவாளும் பொந்தன்தடியும்தான் அதிகம். அடிச்சொல் சரியாக அமைந்துவிட்டால் முன்னொட்டு எளிமையாக இருந்தாலும் பெயர் நிற்கும்.

பனையேறியின் இடுப்பில் அரிவாள்பெட்டி. காலில் தளைநார். பாளையை இடுக்கி நசுக்க கடிப்பு. அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்க கலயத்துக்குள் சுண்ணாம்பு. பாளையின் நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவிவிட்டால் சொட்டத் தொடங்கும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், சீவாமல் விட்டால் ஊற்று அடைபடும். இந்த வேலையின் மேல் மந்திரத்தை ஏற்றுங்கள். இந்த அரிவாளால் சீவிய பாளை விடியும்வரை நிற்காமல் சுரக்கும். விலை: சீவியவருக்கு அன்று முழுக்கக் குரல் எழும்பாது. பொருளின் சக்தியை ஒரு வாக்கியத்திலும் விலையை ஒரு வாக்கியத்திலும் எழுத முடியாத பொருளுக்குப் பெயர் தேடாதீர்கள், கிடைக்காது.

இப்போது நன்னூல் உதவிக்கு வரும். பெயர்ச்சொல்லை அது பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரிக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த இந்த ஆறும் பெயர் வைக்கிறவருக்குக் கிடைக்கும் ஆகச்சிறந்த கருவி. ஆறிலும் ஒவ்வொரு பெயர் போட்டுப் பாருங்கள். பொருள்: மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலை நினைத்து 'கருமணலி'. இடம்: அது கிடைத்த குன்றை வைத்து 'பொத்தைக்காரன்'. காலம்: அடித்து முடித்த நாளை வைத்து 'கார்த்திகைச்சீவி'. சினை: வளைந்த முனையைப் பார்த்து 'கிளிமூக்கு'. குணம்: 'ஈரவாய்'. தொழில்: 'நில்லாச்சீவி'. ஆறையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'கருமணலி' அழகாக இருக்கிறது, ஆனால் சக்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'நில்லாச்சீவி' எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுடைத்துவிடுகிறது. 'ஈரவாய்' நடுவில் நிற்கிறது. அரிவாளின் வெட்டும் விளிம்பை வாய் என்பதுதான் வழக்கம், "வாய் மழுங்கிப்போச்சு" என்போம். அந்த வாய் எப்போதும் ஈரமாக இருக்கிறது. பிடித்தவன் வாயோ அடைத்துக்கொள்கிறது. முதல் அத்தியாயத்தில் வாசகர் இதைச் சாதாரணப் பெயராகக் கடந்துபோவார். குரல் போன பிறகு திரும்பிப் பார்ப்பார்.

ஆறு வழியில் எது நல்லது என்று பொதுவிதி சொல்ல முடியாது. புராண ஆயுதங்களே கலந்துதான் நிற்கின்றன. சார்ங்கம் கொம்பால் ஆனதால் வந்த பெயர். பாஞ்சசன்னியம் பஞ்சசனன் என்ற அசுரனிடமிருந்து கிடைத்ததால். தேவதத்தம் தேவர் தந்ததால். ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாப் பெயரையும் தொழிலிலிருந்தே எடுக்கிறார்கள்: அழிப்பான், காப்பான், எரிப்பான். அதனால்தான் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது. ஏழெட்டுப் பெயரில் தொழிற்பெயர் இரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டாலே பட்டியலின் முகம் மாறிவிடும்.

'ஈரவாய்' பனையேறி வைத்த பெயர். அதே அரிவாள் அரண்மனைக்குப் போகிறது என்று வையுங்கள். கொட்டாரத்துப் பண்டிதர் அதை 'ஈரவாய்' என்று ஏட்டில் ஏற்றுவாரா? 'அட்சய தாத்திரம்' என்பார், தாத்திரம் வடமொழியில் அரிவாள். கடன் கொடுத்த பண்ணையாரின் ஆட்கள் 'ஊமைவெட்டி' என்பார்கள். கணக்கெழுதுகிறவர் ஓலையில் "மேற்படி அரிவாள் 1" என்று முடித்துக்கொள்வார். நான்கும் ஒரே பொருள் என்று வாசகருக்கு உடனே சொல்லாதீர்கள். அரண்மனை ஏட்டில் அட்சய தாத்திரத்தைத் தேடுகிற இளவரசன், பனையடியில் ஈரவாயைத் தாண்டிப் போய்விடுவான். பெயரே கதையை நகர்த்தும்.

குமரி மாவட்டப் பின்னணியில் எழுதுகிறவருக்கு இந்த அடுக்குகள் கையிலேயே இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேரும்வரை இது முதலில் திருவிதாங்கூர் சீமையாகவும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்தது. அரசாங்க ஓலையின் வடமொழிக் கலப்பு, மேற்கே மலையாளம் கலந்த பேச்சு, கிழக்கே நாஞ்சில் தமிழ், கரையோரத்தில் மீனவர் தமிழ். ஒரு சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 'சாவி' போர்த்துகீசியம் வழியாக வந்த சொல். 'தாக்கோல்' மேற்குப் பக்கத்துப் பேச்சு. 'திறவுகோல்' வேதப்புத்தகமும் செய்யுளும் விரும்புவது. ஊரில் தாக்கோல் என்று வழங்கும் பொருள் மடத்தின் ஏட்டில் திறவுகோல் என்று இருந்தால், அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் இரண்டு உலகம் தெரியும். விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

கடல்பக்கம் ஒரு எடுத்துக்காட்டு. கடலில் நின்று, கரையில் தெரியும் மலையுச்சியையும் கோபுரத்தையும் ஒரே நேராகப் பிடித்து, வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடியையும் பிடித்து, இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கடலடிப் பாறையான பாரைக் கண்டுபிடிக்கிற கணக்கைக் கரையில் கணியம் என்பார்கள். மூடுபனியிலும் அந்த இடத்தைக் காட்டுகிற ஒரு கல்லைக் கற்பனை செய்தால் 'கணியக்கல்' என்று விட்டுவிடுங்கள். தொழில்சொல்லோடு ஒரு மண்சொல் சேர்ந்தால் போதும். 'சமுத்திர வழிகாட்டி' வேண்டவே வேண்டாம்.

சொல்லாக்கத்தில் தமிழுக்கென்று இரண்டு வடிவங்கள் மந்திரப் பொருளுக்கென்றே செய்தது போல அமைந்திருக்கின்றன. முதலாவது வினைத்தொகை. சுடுகாடு, ஊறுகாய் போல. சுட்ட, சுடுகிற, சுடும் என மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கும். கன்னியாகுமரிக்குப் பக்கத்து மருந்துவாழ்மலையைப் பாருங்கள். மருந்து வாழ்ந்ததா, வாழ்கிறதா, வாழுமா என்று பெயர் பிடிகொடுக்காது. காலத்துக்குக் கட்டுப்படாத பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை: பாடுதூண், தேடுதூண்டில், விழுங்குகடவம். பிசகு எங்கே வரும் என்றால், சேர்த்து எழுதும்போது வேறு சொல்லாகிவிடும். அழுகிற கல்லுக்கு 'அழுகல்' என்று வைத்துப் பாருங்கள். வாசகர் மூக்கைப் பிடிப்பார்.

இரண்டாவது, எதிர்மறை. வாடாமலர், அணையாவிளக்கு வகை. இதில் கோயில் கல்வெட்டுகள் நம்மையெல்லாம் மிஞ்சியவை. நந்தாவிளக்கு (கோயிலின் அணையாவிளக்கு) எரிக்கச் சோழர் காலத்தில் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக விடுவார்கள். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு தினமும் நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத ஆடு! மந்திரம் ஒன்றுமில்லை. செத்ததற்கும் கிழடானதற்கும் பதிலாகக் குட்டி சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்ற கணக்குச்சொல் அது. ஃபேன்டசி எழுத்தாளர் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒன்று அமைவது கடினம், கணக்கன் போகிற போக்கில் செதுக்கிவிட்டான். இந்த வழியைப் பின்பற்றுங்கள். சக்தியைப் புகழாமல் அதன் நிபந்தனையை எழுதுங்கள். 'குறையாநாழி', 'திரும்பாவாசல்', 'உறங்காக்கிண்டி'. எதிர்மறைப் பெயர் ஒரு வாக்குறுதி என்பதை மட்டும் மறக்கக்கூடாது. 'குறையாநாழி' என்று பெயர் வைத்துவிட்டு, அது ஒரு தடவையாவது குறைகிற இடத்தையோ குறையாததற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையோ எழுதாமல் விட்டால் வாசகர் ஏமாந்துபோவார்.

பெயர் கிடைத்ததும் அதை வாக்கியத்தில் ஓட்டிப் பாருங்கள். தனியாகக் கம்பீரமாக நிற்கும் பெயர் வேற்றுமை ஏறியதும் சரிந்துவிடும். 'ஸெல்தாரா' 300 பக்கத்துக்கு ஸெல்தாராவை, ஸெல்தாராவிற்கு, ஸெல்தாராவிலிருந்து என்று நீளும். அம்மில் முடியும் பெயர் அத்துச் சாரியை பெற்று காண்டீபத்தை, காண்டீபத்தால் என்று மெதுவாக நடக்கும், காவியத்தனம் வேண்டுமென்றால் நல்லது, சண்டைக் காட்சியில் இழுக்கும். 'ஆறு' என்று முடிந்தால் ஆற்றை, ஆற்றுக்கு என்று இரட்டிக்கும். வேகமான காட்சிகளில் அடிக்கடி வரும் பொருளுக்கு கோல், வேல், வாய், கல் போல இடையின மெய்யில் முடியும் குட்டைப் பெயர் சௌகரியம்: ஈரவாயை, ஈரவாயால், ஈரவாய்க்கு. வேற்றுமை உருபு ஒவ்வொன்றோடும் ஒரு வாக்கியம் எழுதி வாய்விட்டு வாசித்தால் போதும்.

புணர்ச்சியையும் கருவியாக்கலாம். பொன்னும் கிண்டியும் சேர்ந்தால் பொற்கிண்டி, முள்ளும் கடவமும் சேர்ந்தால் முட்கடவம், நாளும் கோலும் சேர்ந்தால் நாட்கோல். புணர்ந்த வடிவம் ஏட்டுவாசனை அடிக்கும். புணராத வடிவம் பேச்சு. அர்ச்சகர் "பொற்கிண்டி எங்கே?" என்று கேட்கட்டும், அடுக்களையில் "அந்தப் பொன்னு கிண்டிய இங்க எடு மக்கா" என்று பதில் வரட்டும்.

அடுத்தது திணை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குப் பெரிதாக வராத சிக்கல் நமக்கு ஒவ்வொரு வினைமுற்றிலும் வரும். மனமுள்ள அரிவாள் விழுந்ததா, விழுந்தாளா? 'அன்' விகுதியில் முடியும் பெயரை ('பொத்தைக்காரன்' போல) வாசகர் ஆண் என்றே எடுப்பார், பிறகு 'அது வெட்டியது' என்று எழுதினால் இடறும். இதைத் தொல்லையாக எண்ணாமல் பயன்படுத்துங்கள். பாதிக் கதைவரை 'அது' என்று எழுதி, பொருள் விழித்துக்கொண்ட வாக்கியத்தில் முதல் முறையாக 'அவள்' என்று மாற்றினால் அந்த ஒரு விகுதியே விழிப்பைச் சொல்லிவிடும். ஒரு நாவலில் ஒரு பொருளுக்கு மட்டும் செய்யுங்கள். இரண்டாவது பொருளுக்கும் செய்தால் தந்திரம் தெரிந்துவிடும்.

பழமையான பொருள் என்றால் பெயர் தேய்ந்திருக்க வேண்டும். நம்மாழ்வார் பாடிய திருவண்பரிசாரம் இன்று திருப்பதிசாரம். ஆரல்வாய்மொழி பேச்சில் ஆராம்புளி. நாகர்கோவில் நாரோயில். ஆயிரம் ஆண்டு பழைய கிண்டி மட்டும் பெயரில் ஒரு எழுத்தும் சிந்தாமல் இருந்தால் அது நேற்றுச் செய்த கிண்டி. தேய்க்கும் முறை எளிது. முதலில் முழுப்பெயர் வையுங்கள்: 'திருவிழிக்கிண்டி', யாரோ ஒரு தெய்வத்தின் கண்ணீரைப் பிடித்தது. அடுத்த கட்டத்தில் நடுவில் இருக்கும் மெலிந்த அசையை விழுங்குங்கள்: திருவிக்கிண்டி. பிறகு 'திரு' பேச்சில் குறுகட்டும்: தீக்கிண்டி. இங்கேதான் சுவை. ஊர்க்காரர்கள் 'தீ' என்பதை நெருப்பு என்று நினைத்து, கிண்டியிலிருந்து தீ பாய்ந்த கதை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அதை நம்பித் திருடிப்போகிற ஆள் போர்க்களத்தில் கவிழ்த்தால் கண்ணீர்தான் கொட்டும். மூன்று கட்டத்துக்கு மேல் தேய்த்தால் வாசகர் தொடர்பை விட்டுவிடுவார்.

தொகுதியாக வரும் பொருட்கள் தனிக்கதை. மருந்துவாழ்மலையை அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். அந்த மலையின் நான்கு மூலிகைக்கும் வான்மீகி ராமாயணத்தில் பெயர் உண்டு: மிருதசஞ்சீவனி, விசல்யகரணி, சந்தானகரணி, சுவர்ணகரணி. மூன்றுக்கு ஒரே வால், ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. அந்த விலகியதுதான் செத்தவரை எழுப்புவது, பெயர் அமைப்பே அதைத் தூக்கிக் காட்டிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை மட்டுமே என்பதையும் கவனியுங்கள். தைத்த ஆயுதத்தை எடுப்பது முறிந்ததை ஒட்டாது. கம்பன் அதே நான்கையும் பெயரில்லாமல், மாண்டாரை உய்விக்கும் மருந்து, பிளந்த உடலைப் பொருத்தும் மருந்து என்று செயலாலேயே சொல்லிப் போகிறான். இரண்டு வழியும் செல்லும். ஒரே கதையில் கலக்காமல் இருந்தால் சரி.

பெரிய தொகுதிக்கு, உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைச் சொல்லும் வர்ம ஏடுகளைப் பார்ப்பது நல்லது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 பெயர். குமரி ஆசான்கள் இத்தனையையும் நினைவில் வைத்ததற்கு ஒரு காரணம் பெயர் அமைப்பு. வால் பெரும்பாலும் 'வர்மம்' அல்லது 'காலம்'. தலை மட்டும் மாறும்: நட்சத்திரக் காலம், செவிக்குத்திக் காலம், உறக்கக் காலம், மணிபந்த வர்மம். சில மட்டும் வாலை உதறிக்கொண்டு நிற்கும், 'கொண்டைக்கொல்லி' போல. பத்துக்கு மேற்பட்ட தொகுதிக்கு வாலை நிலையாக வைத்துத் தலையை மாற்றுங்கள். நான்கைந்து மட்டும் என்றால் அவ்வளவு ஒழுங்கு வேண்டாம். பாண்டவர் ஐவரின் சங்குகளில் தேவதத்தம் கொடுத்தவரைச் சொல்கிறது, சுகோஷம் ஓசையைச் சொல்கிறது, மணிபுஷ்பகம் தோற்றத்தைச் சொல்கிறது. நான்கு காற்றுக்கு நான்கு ஊதுகொம்பு என்றால் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற கடற்கரைப் பெயர்களே இருக்கின்றன. 'வடதிசைக் கொம்பு' என்று வரைபடம் போட வேண்டியதில்லை.

அப்படியானால் 'ஸெல்தாரா' போன்ற இட்டுக்கட்டிய பெயரே கூடாதா? கூடும், அது வேற்று இனத்தாரின் பொருளாக இருந்தால். தமிழ்ச் சொல் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எழுத்துகளில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது, முதலில் கூட்டுமெய் வராது. இந்த எல்லைக்குள் உருவாக்கினால் புதுச்சொல்லும் உள்ளூர்ச் சொல்போல ஒலிக்கும். வேண்டுமென்றே மீறி, ஸகர ஷகர ஹகரங்களைச் சேர்த்தால் அந்நியம் ஒலிக்கும். ஒரே இனத்தாரின் பெயர்களில் இரண்டையும் கலந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அந்நியப் பெயர் நம் கரையில் இறங்கியதும் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமான டச்சுத் தளபதி டி லனாய், மக்கள் வாயில் 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆனார். உங்கள் ஸெல்தாராவும் ஒரு தலைமுறைக்குள் 'சேத்தாரை' ஆகிவிட வேண்டும்.

செய்யக்கூடாதவை சில. இசக்கி, மாடன், முத்தாரம்மன், பூதத்தான் பெயர்களை ஆயுதத்துக்கு ஒட்டாதீர்கள். இவை கொடை நடக்கிற, நேர்ச்சை வைக்கிற தெய்வங்கள், புராணக் கிடங்கு அல்ல. தெய்வச் சாயல் வேண்டுமென்றால் 'முன்னுதித்த நங்கை' போல வாக்கியமே பெயரான அமைப்பைப் பின்பற்றிப் புதிதாகச் செய்யுங்கள். சாதிப் பட்டங்களோடு ஒலியொத்த பெயர்களைத் தவிருங்கள். மலையாளம் தெரிந்த ஒருவரிடம் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். 'காவற்பட்டி' என்று இடுப்புக் கச்சைக்கு வைத்தால் மார்த்தாண்டத்தில் சிரிப்பார்கள், மலையாளத்தில் பட்டி நாய். ல, ள, ழ அல்லது ன, ண மட்டும் வேறுபடும் இரண்டு பெயர் வேண்டாம், ஒலிநூலாக வந்தால் யாருக்கும் பிரியாது. முக்கியப் பொருட்கள் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் இதே கதிதான்.

கடைசியாக, ஒரு பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் வழங்குபெயர், ஏட்டுப்பெயர், எதிரி சொல்லும் பெயர், முதலில் வைத்தவர் யார், எந்த அத்தியாயத்தில் முதலில் வருகிறது, திணை என்ன, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று ஒரு வரி போதும். 'ஈரவாய்' ஒரு இடத்தில் 'ஈர வாய்' என்று பிரிந்தால் பெயர் வர்ணனையாகிவிடும். நடுவில் பெயரை மாற்ற நேர்ந்தால், கணினியில் 'தேடி மாற்று' கொடுக்கும்போது முழுப்பெயரைப் போடாதீர்கள். 'காண்டீபம்' என்று தேடினால் காண்டீபத்தை, காண்டீபத்தால் எல்லாம் தப்பிவிடும், 'காண்டீப' என்று அடிப்பகுதியை மட்டும் தேட வேண்டும். புணர்ந்த பெயரில் சிக்கல் முன்பாதியில் இருக்கும். 'பொன் கிண்டி', 'பொன்னு கிண்டி', 'பொற்கிண்டி' மூன்றையும் பிடிக்க 'கிண்டி' என்று தேடி, மாற்றும் வேலையை ஒவ்வொன்றாகக் கையால் செய்யுங்கள்.